பெறாத பதக்கத்துக்குச் சிறையா?

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, நண்பர்களே, வணக்கம்.

முன்வரிசையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் உதறல் எடுக்கிறது. நான் இன்று சொல்லப்போவது உங்களில் பலருக்குப் பிடிக்காது. முடித்த பிறகு திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

2007ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கிளேர்மான்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நீர் வாரியம். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, முதல் பொதுக் கூட்டத்துக்கு வந்திருந்த சேவியர் அல்வாரஸ் என்ற உறுப்பினரைத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். அவர் எழுந்தார். மரீன் படையில் 25 ஆண்டுகள் இருந்தேன் என்றார். 2001இல் ஓய்வு பெற்றேன் என்றார். 1987இல் எனக்கு மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது என்றார். நம் பரம்வீர் சக்ராவுக்கு இணையான, அந்த நாட்டின் ஆக உயர்ந்த போர்ப் பதக்கம் அது. அதோடு விட்டாரா? ஒரே ஆள் என்னைப் பலமுறை காயப்படுத்தினான் என்றும் சேர்த்துக்கொண்டார்! குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் போர்க்களம் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

அத்தனையும் புளுகு. அவர் படையில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்காக ஐஸ் ஹாக்கி ஆடினேன், மெக்சிகோ நடிகை ஒருத்தியை மணந்தேன் என்றும் அதற்கு முன்பே அளந்துவிட்டிருந்தவர். ஆனால் ஹாக்கிப் புளுகுக்கும் நடிகைப் புளுகுக்கும் சட்டம் இல்லை. பதக்கப் புளுகுக்கு இருந்தது.

அந்தச் சட்டத்தின் பெயர் ஸ்டோலன் வேலர் சட்டம். திருடப்பட்ட வீரம் என்று பொருள். 2006 டிசம்பரில் அதிபர் புஷ் கையெழுத்திட்டார். பெறாத படைப் பதக்கத்தைப் பெற்றதாகச் சொன்னாலே குற்றம். ஆறு மாதம் வரை சிறை. சொன்னது மெடல் ஆஃப் ஆனர் என்றால் ஓராண்டு வரை. யாரையும் ஏமாற்றிக் காசு பறித்திருக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்ததே போதும். அல்வாரஸுக்குச் சிறை கிடைக்கவில்லை. 5,000 டாலர் அபராதம், 416 மணி நேரச் சமூக சேவை, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு.

இதை முதலில் படித்தபோது "சரியான தண்டனை, இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்" என்றுதான் நினைத்தேன். எங்கள் தெருவில் என் சிறுவயதில் ஒரு பெரியவர் இருந்தார். திண்ணையில் உட்கார்ந்தால் 1965ஆம் ஆண்டுப் போர் முழுவதும் அவர் தோளில்தான் நடந்ததாகத் தோன்றும். வாய்பிளந்து கேட்போம். ஒருநாள், விடுப்பில் வந்திருந்த ஒரு சிப்பாய் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணே, உங்கள் ஆர்மி நம்பர் என்ன?" என்றார். முன்வரிசை சிரிக்கிறது, உங்களுக்குப் புரிகிறது. பெற்ற பிள்ளையின் பிறந்தநாள் மறந்தாலும் படையில் இருந்தவனுக்கு அந்த எண் மறக்காது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அந்தத் திண்ணையில் மறுபடி போர் நடக்கவே இல்லை.

அல்வாரஸ் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூன் 28 அன்று தீர்ப்பு. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத் தீர்ப்பும் அதே நாளில் வந்ததால் இது செய்தியில் அடிபட்டுப்போனது. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் செல்லாது என்றார்கள். பேச்சுரிமையைக் காக்கும் முதல் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அது முரணானது என்பது காரணம்.

தோற்ற பக்கத்தின் வாதத்தை நான் மறைக்க மாட்டேன், அது வலுவானது. மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி அலிட்டோ ஒரு கணக்கைக் காட்டினார். வர்ஜீனியா மாநிலத்தில் மட்டும் ஒரே ஆண்டில் 600க்கும் மேற்பட்டோர் மெடல் ஆஃப் ஆனர் பெற்றதாகப் பொய் சொல்லியிருக்கிறார்களாம். அந்த நாடு தோன்றிய காலம் முதல் இன்று வரை அதைப் பெற்றவர்கள் எல்லோரையும் சேர்த்தாலே சுமார் 3,500 பேர்தான்! இந்தக் கோபம் புதியதும் அல்ல. ஜார்ஜ் வாஷிங்டன் 1782இல் சாதாரணச் சிப்பாய்களுக்காக, இதய வடிவில் ஊதாத் துணியில் ஒரு சின்னத்தை ஏற்படுத்தியபோதே, தகுதியில்லாமல் அணியத் துணிபவன் கடுமையாகத் தண்டிக்கப்படுவான் என்று ஆணையில் எழுதிவைத்தார்.

அப்படியிருந்தும் ஆறு பேர் ஏன் சட்டம் செல்லாது என்றார்கள்? நீதிபதி கென்னடி எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அல்வாரஸின் பேச்சு, தனக்குக் கிட்டாத மரியாதைக்காக ஒருவர் செய்த பரிதாபமான முயற்சி என்றார். சட்டமோ, வீட்டுக்குள் காதோடு காதாகச் சொன்ன பொய்யையும் விட்டுவைக்கவில்லை. மாமனாரிடம் பெருமை பீற்றிக்கொண்ட மருமகனும் அதன் கையில் குற்றவாளி. வாதத்தின்போது தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், பள்ளிப் படிப்பை முடித்ததாகப் பொய் சொல்வதையும் நாடாளுமன்றம் குற்றமாக்கலாமா என்று கேட்டார். அரசு வழக்கறிஞர் வழுக்கலான தரையில் நடப்பவரைப் போலத்தான் பதில் சொல்ல முடிந்தது. இன்று பதக்கம், நாளை பட்டம், நாளை மறுநாள், போரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒரு பத்திரிகை எழுதிய எண்ணிக்கை. எது பொய் என்று முடிவு செய்யும் வேலையை அரசிடம் கொடுத்தால் அது அல்வாரஸோடு நிற்காது.

நம் நாட்டுச் சட்டம் உடையைப் பார்க்கிறது. படைவீரன் அல்லாதவன், தன்னைப் படைவீரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையை அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை என்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் 140ஆவது பிரிவு. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. திண்ணைப் பேச்சுக்கு அதில் இடமில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்மிரல் ஜெரமி பூர்டா. கடைநிலை மாலுமியாகச் சேர்ந்து அமெரிக்கக் கடற்படையின் தலைமைப் பதவி வரை உயர்ந்த முதல் மனிதர். இரண்டு பதக்கங்களின் மேல், போர்ச் செயலைக் குறிக்கும் சிறிய 'வி' எழுத்தை அவர் அணிந்திருந்தது முறையா என்று 1996இல் நியூஸ்வீக் இதழ் கேள்வி எழுப்பியது. அவர் அவற்றை அணிவதை முன்பே நிறுத்தியிருந்தார். செய்தியாளர்களைச் சந்திக்கவிருந்த நாளில், மே 16 அன்று, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அணிந்தது சரியா தவறா என்பதில் அவர் இறந்த பிறகும் கடற்படைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. உள்ளிருந்தவர்களுக்கே தெளிவில்லாத ஒன்றில் ஒரு மனிதனை அவமானம் என்ன செய்தது என்று பாருங்கள். இதற்கு மேல் குற்றவியல் சட்டத்தின் தடி வேறு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

பொய்யைப் பிடிக்க வேறு வழி உண்டு. பதக்கம் பெற்றோர் பட்டியலை இணையத்தில் வைத்துவிடுங்கள் என்று தீர்ப்பே சொன்னது. பென்டகனும் அடுத்த மாதமே ஒரு தளத்தைத் திறந்தது. என்றாலும் அது சொல்வதுபோல் எளிதல்ல. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரின் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீ, 1.6 கோடிக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகளை அழித்தது. உண்மையாகவே போரிட்டுவிட்டுக் கையில் காகிதம் இல்லாமல் நின்ற கிழவர்கள் அந்த நாட்டில் ஏராளம். பட்டியலில் பெயர் இல்லாதவனெல்லாம் பொய்யன் என்று நினைப்பவர்கள் அந்தத் தீயை மறந்துவிடுகிறார்கள்.

2013இல் ஒபாமா கையெழுத்திட்டுப் புதிய சட்டம் வந்தது. இப்போது வெறும் பேச்சு போதாது. பணமோ, சொத்தோ, கண்ணால் காணக்கூடிய வேறொரு பயனோ பெறும் நோக்கத்தோடு ஏமாற்றியிருக்க வேண்டும். இது எனக்கு ஏற்புடையது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஓட்டு? 2010இல் செனட் தேர்தலில் நின்ற ரிச்சர்ட் புளூமென்தால் மரீன் ரிசர்வ் படையில் உள்நாட்டில் இருந்தவர்; வியட்நாமில் பணியாற்றியதாகவே பேசியிருந்தார் என்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. வாய் தவறிவிட்டது என்றார். வென்றும்விட்டார். இதற்கு என்னிடம் விடை இல்லை. வாக்காளர்கள் தெரிந்தேதான் போட்டார்கள் என்பதால், கேட்கும் உரிமை எனக்கு உண்டா என்றும் தெரியவில்லை.

அல்வாரஸ் என்னவானார் என்று கேட்பீர்கள். விவாகரத்தான மனைவியை இன்னும் மனைவி என்று காட்டி, நீர் வாரியத்தின் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்திருந்தார். பொதுப்பணம் போனது. பதக்க வழக்கு மேல்முறையீட்டில் நடந்துகொண்டிருந்தபோதே, அந்தப் பொய்க்காக அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.