நீட்டிச் சொன்னால் பனி

நேயர்களுக்கு வணக்கம். கொரிய மொழியில் 'நுன்' என்று குறிலாகச் சொன்னால் கண். 'நூன்' என்று நீட்டினால் வானத்திலிருந்து விழும் பனி. 'மல்' என்றால் குதிரை, 'மால்' என்றால் பேச்சு. நம் எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறு வேறு வடிவம் உண்டு. கொரிய எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்கிறவர்தான் நீட்ட வேண்டும். இன்றைய இளைஞர்கள் பெரும்பாலும் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. நடிகனாவது பார்க்க வேண்டும் என்று கடைசிவரை மன்றாடியவர் கொரிய நடிகர் லீ சூன்-ஜே. அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1934-ல் ஹோரியோங்கில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது வட கொரியாவில் இருக்கிறது. சிறு வயதிலேயே குடும்பம் சியோலுக்கு வந்துவிட்டது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கும்போது, லாரன்ஸ் ஒலிவியே நடித்த ஹேம்லெட் படத்தைப் பார்த்தார். நடிப்பும் ஒரு கலைதான் என்று அன்று மனதில் பதிந்தது. 1956-ல் மேடை ஏறினார். தத்துவம் படித்த பிள்ளை கூத்தாடப் போவதைப் பெருமையாக நினைக்கும் காலம் அல்ல அது.

1964-ல் டிபிசி தொலைக்காட்சி தொடங்கியபோது அதில் சேர்ந்தார். 1980-ல் ராணுவ ஆட்சி அந்த நிலையத்தை இன்னொன்றோடு இணைத்து இல்லாமல் செய்தது. அவர் நடிப்பு நிற்கவில்லை. 1991-ல் வந்த 'காதல் என்றால் என்ன' தொடரில் கண்டிப்பான அப்பாவாக வந்தார். அந்த அப்பாவைத் தெரியாத கொரிய வீடு இருந்திருக்காது. அப்புறம் நான்கு ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். திரும்பி வந்ததும் 'ஹோ ஜுன்' தொடர். அதில் அவர் வைத்தியர். மாணவன் மனித உடலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று தன் உடலையே அவனுக்கு விட்டுச் செல்கிற குரு. அவர் ஏற்ற பாத்திரங்களில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான்.

சினிமாவிலும் நிறைய நடித்தார். 2011-ல் மோட்டார் சைக்கிளில் பால் போடும் கிழவராக வந்தார். காதல் வந்துவிட்ட கிழவர்! அந்த வெட்கத்தை எப்படிக் கொண்டுவந்தார் என்று இன்னும் வியக்கிறேன்.

ஆனால் அவருடைய வீடு மேடைதான். 2021-ல், 87 வயதில், ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நின்றார். மூன்று மணி நேரத்துக்கும் மேலான நாடகம். அந்த வேடத்துக்கு மாற்று நடிகர் கிடையாது. எல்லாக் காட்சிகளிலும் அவரே. வசனம் மறந்துவிடக் கூடாது என்று அமெரிக்க அதிபர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிச் சொல்லி நினைவைப் பழக்குவாராம். மறுவருடம் செகாவின் நாடகம் ஒன்றை இயக்கவும் செய்தார்.

2024-ம் ஆண்டுக்கான கேபிஎஸ் தொலைக்காட்சியின் பெரும் பரிசு, 90 வயதில் அவருக்குக் கிடைத்தது. உடல் தளர்ந்திருந்தது. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. மேடையில் அவர் தன் மாணவர்களைப் பற்றிப் பேசினார். பல்கலைக்கழகத்தில் நடிப்புச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பரிசு வாங்கித் தந்த தொடரின் படப்பிடிப்போ தெற்கே கோஜே தீவில். வகுப்புக்கு ஒழுங்காக வர முடியவில்லையே என்று பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டாராம். 'கவலைப்படாமல் நடித்துவிட்டு வாருங்கள்' என்றார்களாம் அவர்கள். அதைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

2025 நவம்பரில் அவர் காலமானார். அவரிடம் படித்த பிள்ளைகளில் யாராவது இந்தக் குளிர்காலத்தில் ஒரு கொரிய மேடையில் நின்று, 'நூன்' என்று சரியாக நீட்டிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நன்றி, வணக்கம்.