பக்கத்து இருக்கை பேசவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

ராலி பந்தயத்தில் காருக்குள் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஓட்டுவார். பக்கத்தில் இருப்பவர், அதாவது கோ-டிரைவர், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டே வருவார். "இடது நான்கு, நூறு மீட்டர், வலது இரண்டு" என்று போகும் அந்த வாசிப்பு. பரவலாக இருக்கும் கணக்கில் ஒன்று என்றால் நன்றாக வளையும் திருப்பம், ஆறு என்றால் வேகத்தைக் குறைக்கக்கூட வேண்டாத லேசான வளைவு. மேட்டைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது; காதில் விழுவதை நம்பித்தான் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார். 1998இல் வந்த காலின் மெக்ரே ராலி என்ற கணினி ஆட்டத்தில், ராலி வீரர் மெக்ரேயின் நிஜ கோ-டிரைவர் நிக்கி கிரிஸ்ட்டே குரல் கொடுத்திருந்தார். அந்தக் குரலுக்கு அவ்வளவு மதிப்பு.

நிஜமாக ஓட்டுவதுபோலவே இருக்கும் கணினி ஆட்டமான என் ராலி சிமுலேட்டரில் அந்தக் குரல் ஒருநாள் நின்றுவிட்டது. என்ஜின் உறுமுகிறது, சரளைக்கல் காரின் அடியில் படபடவென்று அடிக்கிறது, பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் வாயே திறக்கவில்லை. மூன்றாவது திருப்பத்தில் மரத்தில் போய் முட்டினேன். உடனே எல்லோரும் செய்கிற அதே தப்பைச் செய்தேன்: ஆட்டத்தை முழுசாக அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். அரை நாள் போனது. குரல் வரவில்லை.

குற்றம் ஆட்டத்தில் இல்லவே இல்லை. கணினியின் பின்பக்கம் ஸ்பீக்கர் செருகும் வண்ண ஓட்டைகள் இருக்கின்றன அல்லவா? பச்சை, முன்பக்க இடது-வலது ஸ்பீக்கர்களுக்கு. கறுப்பு, பின்பக்கத்துக்கு. ஆரஞ்சு, நடு ஸ்பீக்கருக்கும், கனத்த ஒலி தரும் சப்-ஊஃபருக்கும். முன்பு எப்போதோ ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-ஊஃபரும் வைத்துக் கேட்டபோது செட்டிங்கை 5.1 என்று மாற்றியிருந்தேன். அப்புறம் ஹெட்போனுக்கு மாறி, அதைப் பச்சையில் செருகிவிட்டேன். செட்டிங்கை மாற்ற மறந்தேன். பல ஆட்டங்கள் மனிதப் பேச்சை நடு ஸ்பீக்கருக்குத்தான் அனுப்பும். ஆக, என் கோ-டிரைவர் ஒழுங்காகத்தான் வாசித்துக்கொண்டிருந்தார், ஒன்றுமே செருகாத ஆரஞ்சு ஓட்டைக்குள்!

இதைக் கண்டுபிடிப்பது எளிது. விண்டோஸின் ஸ்பீக்கர் அமைப்புப் பகுதியில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு படம் இருக்கும். அதைத் தொட்டால் அந்தப் பக்கமிருந்து ஒரு ஓசை வரவேண்டும். நடுப் படத்தைத் தொட்டேன், நிசப்தம். இடது-வலது மட்டும் உள்ள ஸ்டீரியோ என்று மாற்றினேன், ஆள் பேச ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து என்னிடம் யார் இந்தப் புகாரோடு வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பேன். குரல் பிறக்கவே இல்லையா, இல்லை பிறந்து வேறெங்கோ போகிறதா? விடை தெரிய இப்படிச் செய்யுங்கள். ஆட்டத்தின் ஆடியோ பகுதியில் என்ஜின், டயர், சூழல் ஒலி எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள்; பேச்சின் ஒலியளவை மட்டும் ஏற்றி வையுங்கள். ஆட்டத்தைச் சின்ன ஜன்னலாக்கி ஓடவிட்டு, பக்கத்தில் விண்டோஸின் பழைய சவுண்ட் ஜன்னலைத் திறந்து பிளேபேக் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு ஒலிக்கருவிக்கு எதிரேயும் ஒரு சின்னப் பட்டை. ஒலி போகும் கருவியின் பட்டை பச்சையாக ஏறி இறங்கும்.

பச்சைப் பட்டை எங்கேயோ துள்ளுகிறது, உங்கள் காதில் மட்டும் இல்லை என்றால், குரல் இடம் மாறிப் போயிருக்கிறது. ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு ஹெச்டிஎம்ஐ வழியாகப் போயிருக்கும். கிராஃபிக்ஸ் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் இது நடப்பதுண்டு. விஆர் கண்ணாடி வைத்திருப்பவர்களுக்கு, கழற்றி மேஜைமேல் வைத்த கண்ணாடிக்குள் குரல் ஒலித்துக்கொண்டிருக்கும்.

பச்சைப் பட்டை எங்குமே அசையவில்லை என்றால் ஆட்டத்துக்குள் தேடவேண்டும். பேச்சின் ஒலியளவைத் தனியாக ஏற்றி இறக்கலாம் என்பதால் அது பூஜ்யத்தில் கிடக்கலாம். ஆட்டத்தின் மொழியை மாற்றி, அந்த மொழிக்குக் குரல் பதிவே இல்லாமல் இருக்கலாம். எழுத்து மட்டும் அந்த மொழியில் வரும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியதானால் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி உண்டு, விடுபட்டதை மட்டும் இறக்கித் தரும். என் அரை நாள் அப்படி மிச்சமாகியிருக்கும். பந்தய ஆட்டங்களுக்குக் குரல் கொடுக்கும் க்ரூ சீஃப் போன்ற தனிச் செயலி வைத்திருந்தால், அதன் குரல் தொகுப்பைத் தனியாக இறக்க வேண்டும் என்பதையும், ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடக்கப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

இன்னொரு வகை இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலானது. தனியாக ஓட்டும்போது எல்லாம் சரி. நண்பர்களோடு பேசிக்கொண்டே ஓட்டினால் கோ-டிரைவர் முணுமுணுக்கிறார். இது விண்டோஸின் உபசாரம். அழைப்பு வந்துவிட்டது என்று நினைத்து மற்ற ஒலிகளை 80 சதவீதம் தானே குறைத்துவிடும். அதே சவுண்ட் ஜன்னலில் கம்யூனிகேஷன்ஸ் பகுதிக்குப் போய், ஒன்றும் செய்யாதே என்ற கடைசி வரியைத் தேர்ந்தெடுங்கள். ப்ளூடூத் ஹெட்செட் என்றால் கதை வேறு. அதன் மைக் திறந்த நொடியில் பல ஹெட்செட்கள் தொலைபேசி முறைக்கு இறங்கிவிடும். ஸ்டீரியோ வழி ஊமையாகிவிடும், அல்லது ஒலி தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். மைக்கைத் தனியாக வாங்குவதோ கம்பி ஹெட்செட்டுக்குப் போவதோதான் நிம்மதி. பந்தயத்துக்கு ப்ளூடூத் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை, குரல் ஒரு கணம் தாமதமாக வந்தால் திருப்பம் முடிந்திருக்கும்.

குரல் திரும்பியதும் என்ஜினைப் பழைய அளவுக்கு ஏற்றாதீர்கள். மூன்றாம் கியரில் முழு வேகத்தில் போகும்போதும் "வலது இரண்டு" என்ற எண் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்து, அந்த இடத்தில் நிறுத்துங்கள். சில ஆட்டங்களில் எவ்வளவு முன்னதாக வாசிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் வழி உண்டு. நான் கொஞ்சம் முன்னதாகவே வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது திருப்பத்து மரம் அங்கேயேதான் நிற்கிறது.

நன்றி, வணக்கம்.