எலிக்கு ஒன்றும் செய்யாத மருந்து மனிதனுக்கு நஞ்சாவது எப்படி?

சரி, அடுத்த கேள்வி. செல்லுக்குள் ஆற்றல் எடுத்துத் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவை மருந்துகள் பாதிப்பது பற்றிப் போன வீடியோவில் பேசியிருந்தேன். அதைப் பார்த்த ஒரு நேயர் கேட்கிறார்: "செல்லில் சோதிக்கிறீர்கள், எலியில் சோதிக்கிறீர்கள், நாயில்கூடச் சோதிக்கிறீர்கள். அதையெல்லாம் தாண்டி வந்த மருந்து மனிதனுக்கு எப்படி நஞ்சாகும்? என் அம்மா காசநோய்க்கு ஐந்து வாரமாக லினேசோலிட் சாப்பிடுகிறார். நிறுத்திவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் துறையில் யாராலும் மறக்க முடியாத ஒரு மருந்து உண்டு. ஃபியாலுரிடின். ஹெபடைடிஸ் பி கிருமிக்காக வந்தது. விலங்குகளில் பெரிய கோளாறு எதுவும் தெரியவில்லை. மனிதர்களுக்குச் சில வாரங்கள் கொடுத்துப் பார்த்தபோது கிருமியின் அளவு நன்றாகக் குறைந்தது. 1993இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 பேருக்கு நீண்ட நாள் கொடுக்கத் தொடங்கினார்கள். 13ஆவது வாரத்தில் ஒருவருக்குக் கல்லீரல் செயலிழந்தது, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது. உடனே எல்லோருக்கும் மருந்தை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் நிற்கவில்லை. மொத்தம் 7 பேருக்குக் கல்லீரல் கெட்டது, 5 பேர் இறந்தார்கள். மற்ற இருவர் மாற்றுக் கல்லீரல் பொருத்தியதால் பிழைத்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று முன்வந்தவர்கள் அவர்கள்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ இருக்கிறது. அதைப் படியெடுக்கத் தனி நொதியும் இருக்கிறது. ஃபியாலுரிடின் பார்வைக்கு டிஎன்ஏவின் ஓர் எழுத்தைப் போலவே இருக்கும். நொதி ஏமாந்து அதைச் சரத்தில் கோத்துவிடும். அது அங்கேயே தங்கிவிடும்; அதனால்தான் மாத்திரையை நிறுத்தியும் பலன் இல்லை.

எலி ஏன் தப்பித்தது? விடை 2006 வாக்கில்தான் தெளிவானது. இந்த மாதிரி மூலக்கூறுகளை உள்ளே விடும் வாசல் ஒன்று, ஒரு புரதம், மனிதனின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. எலியிலும் அதே புரதம் உண்டு, ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் போய் அது அமர்வதில்லை. மருந்து உள்ளே போகவே இல்லை என்றால் எலியிடம் என்ன தெரியும்?

அடுத்து, தட்டில் வளர்க்கும் செல்கள். அங்கே சிக்கல் வேறு. நாங்கள் வளர்ப்பது பெரும்பாலும் புற்றுநோய்ச் செல்கள். அவற்றுக்கு ஊற்றும் மீடியத்தில், அதாவது ஊட்டக் கரைசலில், குளுக்கோஸ் தாராளமாக இருக்கும். அதை நொதிக்கவைத்தே வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொள்ளும். மைட்டோகாண்ட்ரியா படுத்துவிட்டாலும் செல் சாகாது. ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லி மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சையே அடைக்கும். அதைப் போட்டாலும் இந்தச் செல்கள் தாக்குப்பிடிக்கும். குளுக்கோஸை எடுத்துவிட்டு காலக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையைக் கொடுங்கள். அதை நொதிக்கவைத்துப் பிழைக்க முடியாது, மைட்டோகாண்ட்ரியாவைத்தான் நம்ப வேண்டும். இப்போது அதே ரோட்டினோன் செல்லைக் கொன்றுவிடும். அதனால்தான் யாராவது ஒரு மாணவர் "இந்த மருந்தால் பாதிப்பு இல்லை" என்று முடிவைக் கொண்டுவந்தால், மீடியத்தில் எந்தச் சர்க்கரை என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

ஆனால் இதுவும் போதாது. ஒரு நாள், இரண்டு நாள் சோதனையில் ஃபியாலுரிடின் மாதிரி மெதுவாக அரிக்கும் மருந்து சிக்காது. வாரக்கணக்கில் பார்க்க வேண்டும்.

லினேசோலிடுக்கு வருவோம். அது பாக்டீரியாவில் புரதம் செய்யும் எந்திரமான ரைபோசோமைப் பிடித்து அந்த உற்பத்தியை நிறுத்துகிறது. மைட்டோகாண்ட்ரியாவே ஆதியில் பாக்டீரியாவிலிருந்து வந்ததுதான், அதனுடைய ரைபோசோமும் அதே சாயலில் இருக்கிறது. கொஞ்சம் அங்கேயும் அடி விழும். மைட்டோகாண்ட்ரியா சொந்தமாகச் செய்வது 13 புரதங்கள். பதின்மூன்றும் ஆற்றல் எடுக்கும் வேலைக்கானவை. பத்து நாள் சாப்பிட்டால் பொதுவாகப் பெரிதாகத் தெரியாது. நான்கு வாரம் தாண்டும்போது பார்வை நரம்பும் கால் நரம்பும் பாதிக்கப்படலாம். இரத்த அணுக்களும் குறையலாம். அது இன்னும் முன்னதாகவேகூட வரும்.

ஆனாலும் மருந்துக்கு மசியாத காசநோய்க்கு அது உயிர் காக்கும் மருந்து. கூட்டு மருந்தில் ஒன்றை நீங்களாக நிறுத்தினால், கிருமி மற்றவற்றுக்கும் பழகிவிடலாம். அதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள்: இரத்தப் பரிசோதனையையும் கண் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். அம்மாவிடம் சிவப்பு நிறம் மங்கலாகத் தெரிகிறதா, எழுத்து மங்குகிறதா, பாதம் எரிகிறதா, மரத்துப்போகிறதா என்று அடிக்கடி கேளுங்கள். விடாத வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்தால் அது லாக்டிக் அமிலம் ஏறியதாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, சில நாள் நிறுத்திவைப்பதா, மாற்று மருந்தா என்று அவர் முடிவு செய்வார்.