சேர்ந்து வரும் பிழைகள்: மகலனோபிஸ் தூரம் போன இடமெல்லாம்

எல்லோருக்கும் வணக்கம்.

இன்று ஜூன் 29. பிரசந்த சந்திர மகலனோபிஸ் 1893இல் பிறந்த நாள், 2007இலிருந்து புள்ளியியல் நாளாகக் கொண்டாடி வருகிறோம். இந்த நாளில் பொதுவாக ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் அதற்கு வருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் 1936இல் அவர் வெளியிட்ட ஒரு சின்னக் கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டும். சில பக்கங்கள்தான். அதில் இருக்கிற ஒரே ஒரு கருத்து இன்றைக்கு வானியற்பியல், ரோபோ, மரபணுப் புள்ளியியல் எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் அந்தக் கருத்தைக் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

முதலில் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். மகலனோபிஸ் கேம்பிரிட்ஜில் படித்தது இயற்பியல். 1915இல் ஊர் திரும்பக் கிளம்பும்போது போர்க்காலம், பயணம் தள்ளிப்போயிற்று. அந்த இடைவெளியில் அவருடைய ஆசிரியர் ஒருவர் உயிர்களின் அளவுகளைப் புள்ளியியலால் ஆராயும் ‘பயோமெட்ரிக்கா’ என்ற இதழைக் காட்ட, அதன் தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பலிலேயே படிக்கத் தொடங்கிவிட்டார். புள்ளியியல் இந்தியாவுக்கு வந்த கதை கிட்டத்தட்ட அந்தக் கப்பல் பயணம்தான். அப்புறம் கல்கத்தாவில் நெல்சன் அனண்டேல் என்ற விலங்கியல் அறிஞர், தான் எடுத்து வைத்திருந்த ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை இவரிடம் கொடுத்து ஆராயச் சொன்னார். உயரம், தலை அளவு, மூக்கு அளவு என்று பட்டியல். இரண்டு மக்கள் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பது கேள்வி. இனம் பிரித்துப் பார்க்கும் மோகம் உச்சத்தில் இருந்த காலம் அது, அந்தக் கேள்வியின் பின்னணி அவ்வளவு நல்லதல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கு அவர் கண்டுபிடித்த கருவி கேள்வியைவிடப் பல மடங்கு பெரியது.

அந்த நாளில் இதற்கு லண்டனில் கார்ல் பியர்சன் வைத்திருந்த ஒரு குறியீடு இருந்தது. அதில் பெரிய குறை: ஒவ்வோர் அளவையும் தனித்தனியாக எண்ணிக் கூட்டிவிடும். உயரமானவருக்குக் கையும் நீளமாகத்தான் இருக்கும், இல்லையா? அதை இரண்டு தனிச் செய்திகளாகக் கணக்கில் எடுத்தால் ஒரே செய்தியை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கூட்டத்தில் எல்லோருடைய உயரமும் கை நீளமும் நம்மிடம் இருக்கிறது, இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதைச் சொல்லும் ஒட்டுறவு 0.8 (முழுதாகச் சேர்ந்தே போனால் 1) என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டவிலக்கம் என்பது அளவுகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அலகு. முதல் ஆள் உயரத்தில் சராசரியைவிட 2 திட்டவிலக்கம் கூட, கை நீளத்திலும் 2 திட்டவிலக்கம் கூட. இரண்டாவது ஆள் உயரத்தில் 1 திட்டவிலக்கம் கூட, கை நீளத்திலோ 1 குறைவு. யார் அந்தக் கூட்டத்தின் நடுவிலிருந்து அதிகம் விலகியவர்? அடிக்கோலை வைத்து அளந்தால் முதல் ஆள்தான்: தூரத்தின் வர்க்கம் அவருக்கு 8, மற்றவருக்கு 2. ஒட்டுறவையும் சேர்த்துப் போட்டால் விடை தலைகீழாகிறது. இரண்டு அளவுகளின் வர்க்கங்களையும் கூட்டி, அவற்றின் பெருக்கலை 0.8இன் இரு மடங்கால் பெருக்கிக் கழித்து, வருவதை 0.36ஆல், அதாவது 1இலிருந்து 0.8இன் வர்க்கத்தைக் கழித்தால் வருவதால், வகுங்கள். முதல் ஆளுக்கு 4.4, இரண்டாவது ஆளுக்கு 10. உயரமான உடம்புக்கு நீளமான கை இருப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை, சராசரிக்கு மேல் உயரம் இருந்தும் கை குட்டையாக இருப்பதுதான் அரிது. இதுதான் மகலனோபிஸ் தூரம். எண்கள் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன என்று தெரியாமல் தூரத்தை அளக்காதே என்கிறது அது. நான் இங்கே சொல்ல வந்ததும் அவ்வளவுதான், மீதியெல்லாம் அதைக் கேட்காதவர்களும் கேட்டவர்களும் பட்ட கதை.

வானத்திலிருந்து தொடங்குகிறேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அறுமீன் என்று நம் பழம்பாடல்கள் சொல்வது அதைத்தான். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில் 1990களின் கடைசியில் பெரிய தகராறு. ஐரோப்பாவின் ஹிப்பார்க்கஸ் விண்கலம் பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் சற்றே நகர்வதுபோல் தெரியும் இடமாறு தோற்றத்தை அளந்து ஏறத்தாழ 385 ஒளியாண்டு என்றது. மற்ற முறைகளெல்லாம் 430, 440 என்றன. கொஞ்ச தூரம்தானே என்று விட்டுவிட முடியாது. இளம் நட்சத்திரங்கள் எவ்வளவு ஒளிரும் என்ற கணிப்பே இந்தத் தூரத்தோடு கட்டப்பட்டிருந்தது, ஹிப்பார்க்கஸ் சொன்னது சரி என்றால் நட்சத்திர இயற்பியலில் கை வைக்க வேண்டும். அப்போது சிலர் ஒரு விளக்கம் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் பல நட்சத்திரங்களை அளந்து சராசரி எடுத்தால் பிழை குறையும் என்று எல்லோரும் நம்புகிறோம், ஆனால் வானில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்களை அந்தக் கலம் அளந்ததில் பிழைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் சராசரி எடுத்து என்ன பயன்? அந்த விளக்கத்தை எல்லோரும் உடனே ஏற்கவில்லை, வாதம் பல ஆண்டு நீடித்தது. அப்புறம் கையா விண்கலம் வந்தது, தூரம் 440 ஒளியாண்டை ஒட்டித்தான் என்றது. கையாவின் பட்டியலைத் திறந்து பார்த்தால் முழுமையாக அளக்கப்பட்ட ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நிலை, இடமாறு தோற்றம், நகர்வு என்று ஐந்து எண்கள் இருக்கும், அவற்றோடு அந்த ஐந்தின் பிழைகளும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்பதற்குப் பத்து எண்கள் தனியாக இருக்கும். இப்படி அளவுகள் உள்ள நட்சத்திரங்கள் நூறு கோடிக்கும் மேல். அந்தப் பத்து எண்களைக் கண்டுகொள்ளாமல் ஆய்வு செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ரோபோவுக்கு வருவோம். ஓர் அறைக்குள் போகும் ரோபோ, தூண் ஒன்று 5 மீட்டர் தள்ளி இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. இரட்டைக் கேமராவுக்குத் திசை நன்றாகத் தெரியும், தொலைவு அவ்வளவாகத் தெரியாது. தொலைவில் 30 சென்டிமீட்டர், பக்கவாட்டில் 4 சென்டிமீட்டர் பிசகலாம் என்று வையுங்கள். 40 சென்டிமீட்டர் பின்னால் ஒன்று தெரிந்தால் அது அதே தூணாக இருக்கலாம். வெறும் 15 சென்டிமீட்டர் பக்கத்தில் தெரிந்தால்? தூரத்தின் வர்க்கம் 14க்கு மேல் போய்விடுகிறது, இரண்டு பரிமாணத்துக்கு வழக்கமான எல்லை 6. அது வேறு பொருள். ரோபோ நிரல் எழுதுகிறவர்கள் தினமும் செய்யும் வேலை இது, அந்த வரியின் பெயரே மகலனோபிஸ்தான். பிழையுள்ள அளவுகளிலிருந்து நிலையைக் கணிக்க 1960இல் கால்மன் தந்த வடிகட்டி என்ற கணக்கு முறையையும் அப்போலோ பயணங்களில் அது உதவியதையும் உங்கள் பாடத்திலேயே படித்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தெரியாத இடத்தில் வரைபடம் போட்டுக்கொண்டே அதே வரைபடத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்றும் ரோபோ கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா, அந்தச் சிக்கலில் தூண், கதவு, மூலை எல்லாவற்றின் பிழைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் பார்த்தது இடம் பிசகிய அதே ரோபோதானே. கணக்கு கனத்துப்போகிறது என்று ஆய்வாளர்கள் அந்த ஒட்டுறவுகளை முடிந்தவரை குறைக்கப் பார்த்தார்கள். 1990களின் நடுவில்தான் புரிந்தது, தீர்வே அந்த ஒட்டுறவுகளில்தான் இருக்கிறது, அவை வளர வளர வரைபடம் சரியாகிறது என்று. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான்.

இப்போது அரசியல் பொருளாதாரம். 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது, அதற்குப் பின்னால் இருந்தவர் மகலனோபிஸ். அவர் வங்காளத்தில் சணல் பயிர்ப் பரப்பை அளந்த நாளிலேயே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். கேள்வி கேட்கப் போகும் ஊழியர் ஒரு கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டால், அவர் போகும் எல்லா வீட்டிலும் அதே தவறு நடக்கும். ஆயிரம் வீடு பார்த்தாலும் அது ஆயிரம் தனிச் சாட்சி ஆகாது. ஆகவே ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனி மாதிரிகளோடு அனுப்பினார். இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாடே களத்தில் எவ்வளவு பிசகுகிறது என்று காட்டிவிடும். எவ்வளவு எளிது, எவ்வளவு நேர்மை!

அதே மனிதர்தான் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குக் கணித வரைவு போட்டுக்கொடுத்தார்: முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு, இயந்திரங்களைச் செய்யும் இயந்திரத் தொழிலுக்கு. 1955இல் பொருளாதார அறிஞர் குழுவில் பி.ஆர். ஷெனாய் மட்டும் மறுப்பு எழுதினார். 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கனரகத் தொழில் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேளாண்மை, இறக்குமதி, தொழில் ஆகியவற்றில் நேரும் பிசகுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருபவை. சணல் வயலில் அவர் காட்டிய கண்டிப்பு திட்ட மேசையில் அதே அளவுக்கு இருக்கவில்லை என்பது என் கருத்து. இன்றைக்கு நிலை இன்னும் கவலை தருகிறது. 2017-18இன் நுகர்வுச் செலவு ஆய்வை, தரவின் தரம் சரியில்லை என்று அரசு 2019இல் வெளியிடாமலே விட்டது. தரம் சரியில்லை என்றால் எங்கே, எவ்வளவு என்று தரவோடு சேர்த்து வெளியிடுவதுதான் அவர் காட்டிய வழி.

கடைசியாக மரபணு. உடல் அளவில் தொடங்கியது உடலின் உள்ளேயே போய்விட்டது. ஒரு நோயோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களைத் தேடும்போது தற்செயலாக வந்ததா என்று பார்க்க வழக்கமாக வைக்கும் எல்லையான 0.05ஐப் பத்து லட்சத்தால் வகுத்து எல்லை வைக்கிறார்கள். மனித மரபணுத் தொகுப்பில் பரவலான மாற்றங்கள் அதைவிட அதிகம், ஆனால் பக்கத்தில் இருப்பவை சேர்ந்தே தலைமுறை கடப்பதால், தனிச் செய்திகள் என்று எண்ணக்கூடியவை சுமார் பத்து லட்சம்தான். இந்த ஒட்டுறவைச் சரியாகப் பார்த்தார்கள். இன்னொன்று நழுவியது. வட ஐரோப்பியர்கள் தென் ஐரோப்பியர்களைவிட உயரமாக இருப்பது இயற்கைத் தேர்வால்தான் என்று பல மரபணு மாற்றங்களின் சிறு விளைவுகளைக் கூட்டிப் போடும் மரபணு மதிப்பெண்களை வைத்துப் பல கட்டுரைகள் வந்தன. பிரிட்டனின் பயோபேங்க் என்ற பெரிய உடல்நல, மரபணுத் தரவுத் தொகுப்பில் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அந்த அடையாளம் பெரும்பாலும் மங்கிவிட்டது. 2019இல் வெளியான செய்தி இது. ஊருக்கு ஊர் மக்கள் வம்சாவளி மாறுவதால் வரும் சின்னச் சின்னச் சாய்வுகள், ஆயிரக்கணக்கான மாற்றங்களில் ஒரே பக்கமாகச் சேர்ந்து பெரிய உண்மை போல நின்றிருக்கின்றன. கார்த்திகைக் கூட்டத்துக்குச் சொன்ன அதே விளக்கம்தான் இதுவும்.

அதே ஆண்டு இன்னொரு கணக்கும் வந்தது: இத்தகைய ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் சுமார் 79 விழுக்காடு ஐரோப்பிய வம்சாவளியினர், உலக மக்கள்தொகையில் அவர்கள் 16 விழுக்காடுதான். அவர்களை வைத்துச் செய்த மதிப்பெண் மற்றவர்களிடம் மோசமாக வேலை செய்கிறது, காரணம் மாற்றங்களுக்கு இடையிலான ஒட்டுறவே மக்களுக்கு மக்கள் மாறுகிறது. ஆகவே நம் மருத்துவமனைகளில் யாராவது இறக்குமதி மதிப்பெண்ணைக் காட்டி உங்களுக்கு இதயநோய் வாய்ப்பு இவ்வளவு என்று சொன்னால், அது யாரை வைத்துச் செய்தது என்று கேளுங்கள். ஜீனோம் இந்தியா திட்டம் ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத் தொகுப்பை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. பிரிட்டனின் பயோபேங்கில் 5 லட்சம் பேர். நம் நாட்டில் சாதிக்குள்ளேயே திருமணம் செய்யும் வழக்கம் ஆயிரக்கணக்கான கூட்டங்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒட்டுறவு வேறு. 10,000 போதாது. புள்ளியியல் படித்துவிட்டு எங்கே போவது என்று என்னிடம் கேட்கிறீர்களே, இதோ இங்கே வேலை கிடக்கிறது.