டிராகனும் குட்டிக் கால்களும்

வணக்கம் நேயர்களே. ஏப்ரல் 23 செயின்ட் ஜார்ஜ் திருநாள். அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தின் பல ஊர்களில் காலையிலேயே டிரம் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் சாரணர் பிள்ளைகள் கொடியோடு தேவாலயத்துக்கு அணிவகுத்துப் போய்க்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், மழைக்கோட்டைக் கையில் பிடித்தபடி ஓடுகிற ஆள்தான் நான். சின்னச் சாரணர்களான குருளையர் குழுவில் தலைவருக்கு அகேலா என்று பெயர். என் சொந்தப் பெயர் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

சாரணர்களுக்கு ஏன் இந்தப் புனிதர்? 1907இல் பிரவுன்சீ தீவில் முதல் முகாமை நடத்திய சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல், அடுத்த ஆண்டே ஜார்ஜைப் பாதுகாவலராகக் காட்டிவிட்டார். கஷ்டம் வந்தால் ஒதுங்கிப் போகாமல் நேரே மோதியவர் என்பது அவர் சொன்ன காரணம். வேடிக்கை என்னவென்றால், ஜார்ஜ் இங்கிலாந்துக்கு வந்ததாக எந்தத் தடயமும் இல்லை. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில், இன்றைய இஸ்ரேலில் உள்ள லித்தா என்ற ஊரில் விசுவாசத்துக்காக உயிரை விட்டவர் என்பது மரபு. அவர் டிராகனைக் கொன்ற கதை பல நூற்றாண்டுகள் கழித்து ஒட்டிக்கொண்டது.

இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒரு தமிழ்ப் பையன் கேட்டான்: "அகேலா, இவரும் முருகன் மாதிரியா? கையில வேல் இருக்கே!" மயிலுக்குப் பதில் குதிரை, அவ்வளவுதான் என்றேன். அவன் விடவில்லை. "முருகன் சூரனை மயிலா மாத்திக் கூடவே வச்சுக்கிட்டாரே, இவர் ஏன் டிராகனைக் கொன்னாரு?" இன்று வரைக்கும் என்னிடம் பதில் இல்லை.

சரி, அணிவகுப்புக்கு வருவோம். பார்க்க எளிதாகத் தெரியும். பீவர் என்ற சின்னப் பிரிவின் ஆறு வயதுப் பிள்ளையும் எக்ஸ்ப்ளோரர் என்ற பெரிய பிரிவின் பதினேழு வயதுப் பிள்ளையும் ஒரே டிரம்முக்கு நடக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர்களின் ஒரு எட்டு சின்னதுகளுக்கு இரண்டு எட்டு. ஐந்தாவது நிமிடத்தில் நடுவில் ஒரு பெரிய இடைவெளி விழும், அப்புறம் பீவர்கள் எல்லாம் ஓட ஆரம்பிப்பார்கள். அதனால் நாங்கள் குட்டிகளை முன்னால் விட்டுவிட்டோம். இப்போது பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

இது ராணுவப் பயிற்சி மாதிரி இருக்கிறதே என்று சில பெற்றோர் தயங்குவது உண்டு. பேடன் பவல் தளபதியாக இருந்தவர்தான், தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது மாஃபெகிங் ஊரின் முற்றுகையை 217 நாள் தாங்கியவர். ஆனாலும் பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறி டிரில் கொடுப்பது அவருக்கே பிடிக்காது. கால் தப்பினால் நான் திட்டுவதில்லை. கொடி தப்பினால் மட்டும் வயிறு கலங்கும்.

போன முறை கொடி பிடித்தவளுக்குப் பத்து வயது. தோள் வாரின் கீழே தொங்கும் தோல் குழியில் கம்பத்தின் அடியை ஊன்றி, காற்று இழுக்கிற பக்கத்துக்கு எதிராகச் சாய்ந்தே நடந்தாள். தேவாலய வாசல் உயரம் குறைவு. நிலையில் இடிக்காமல் கம்பத்தை முன்னால் தாழ்த்தி நுழைந்து, உள்ளே போனதும் மறுபடி நிமிர்த்த வேண்டும். ஹாலில் துடைப்பக் கட்டையை வைத்து இதை எத்தனையோ தடவை பழகினோம். அன்று அவள் உதடு அசைந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். இடிக்கவில்லை.

உள்ளே எல்லோரும் மூன்று விரலை உயர்த்தி சாரணர் உறுதிமொழியைப் புதுப்பிப்போம், தலைவர்களும் சேர்த்துத்தான். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கென்று 2014 முதல் தனி வாசகம் உண்டு. இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தங்கள் மதத்துக்கேற்ற சொல்லில் சொல்லலாம். ஒரே நேரத்தில் சொல்லும்போது நடுவில் ஓரிடத்தில் மட்டும் குரல்கள் பிரிந்து, திரும்பச் சேரும். எனக்கு அந்த நாளில் மிகவும் பிடித்த சத்தம் அதுதான்.

தேதிக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஈஸ்டரோடு மோதினால் இங்கிலாந்துத் திருச்சபை திருநாளைத் தள்ளி வைத்துவிடும். 2025இல் அது ஏப்ரல் 28ஆம் தேதிக்குப் போனது. எங்கள் பக்கம் என்றால் சாலையை மூடும் அனுமதி, வாத்தியக் குழுவின் வசதி, பள்ளி விடுமுறை எல்லாம் பார்த்துத்தான் ஞாயிறே முடிவாகும்.

முடிந்ததும் ஜூஸ், பிஸ்கட். பத்து நிமிடத்தில் இடம் காலி. என் மழைக்கோட்டுப் பையில் யாருடையதென்று தெரியாத இரண்டு ஸ்கார்ஃபும், அதைக் கழுத்தில் மாட்டும் வளையம் ஒன்றும் இன்னும் கிடக்கின்றன. அடுத்த கூட்டத்தில் கேட்டால் யாரும் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.