மியூட் பண்ணிப் பாருங்கள், நடுவர் அவர்களே!

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, விமானத்தை விட்டு இறங்கவே மாட்டோம் என்று அடம்பிடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைந்த உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இப்போதுதான் காபி குடித்துவிட்டு வந்து உட்காரும் பின்வரிசைக்காரர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1986-ல் வந்த ஹாலிவுட் படம் 'டாப் கன்'. அமெரிக்கக் கடற்படையின் போர் விமானிகள் கதை. டாம் குரூஸ் கதாநாயகன். அந்தப் படம் இன்றுவரை மனசில் நிற்பதற்குக் காரணம் விமானமா, பாட்டா? நாங்கள் பாட்டுக் கட்சி.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "அத்தனையும் நிஜம். நிஜமான எஃப்-14 டாம்கேட் போர் விமானம், நிஜமான எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல், நிஜமான மிராமர் விமானத் தளம். கம்ப்யூட்டர் வித்தை கிடையாது" என்றார். அவர் பேசப் பேச எனக்கே கடற்படையில் சேர்ந்துவிடலாமா என்று ஆசை வந்துவிட்டது. முட்டிவலிதான் தடுத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு சோதனை செய்தேன் ஐயா. வீட்டில் இந்தப் படத்தைப் போட்டேன், ரிமோட்டில் மியூட்டை அமுக்கிவிட்டு. பக்கத்தில் என் மாமியார் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். முதல் காட்சி உங்களுக்கே தெரியும். விடியற்காலை, ஆரஞ்சு வெளிச்சம், கப்பலின் மேல்தளத்திலிருந்து புகை புகையாக நீராவி. ஹெல்மெட் போட்ட ஆட்கள் நிழல்மாதிரி நடக்கிறார்கள், குனிகிறார்கள், கையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார்கள். ஒரு நிமிஷம் பார்த்தவர் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, அங்க என்ன, கேஸ் லீக் ஆயிடுச்சா?"

எதிரணி சொன்ன நிஜமான கப்பல் அதுதான். நிஜமான விமானமும் அதே திரையில்தான் நிற்கிறது. என் மாமியாருக்குத் தெரிந்தது கேஸ் லீக்!

படத்தை முதலிலிருந்து மறுபடி போட்டேன், சத்தத்தோடு. முதலில் ஒரு மணி. டங்... ஹெரால்ட் ஃபால்டர்மேயர் அமைத்த 'டாப் கன் ஆந்தம்' என்ற அந்த முகப்பு இசை அவசரமே படாது. சிந்தசைசர் மெதுவாக அடியிலிருந்து ஏறிவரும், கோயில் திறக்கிற நேரத்துக் காற்றுமாதிரி. அதே ஆட்கள், அதே கையாட்டல். இப்போது அது ஏதோ பூஜை முறைபோலத் தெரிகிறது. ஆள் ஒருவன் மண்டி போடுகிறான், விமானத்தின் பின்னால் நெருப்பு கக்குகிறது, விமானத்தைக் கப்பலிலிருந்து ஏவும் கேட்டபல்ட் இழுத்து வீசுகிறது. அங்கே டிரம்ஸ் விழுகிறது பாருங்கள், கென்னி லாகின்ஸ் குரலில் 'டேஞ்சர் ஸோன்'! என் மாமியார் கையில் பிடித்த கீரைக்காம்பு அப்படியே நிற்கிறது. "ஐயோ, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகிடாதே?" என்கிறார்.

எந்தப் பிள்ளைக்கு ஐயா? கதாநாயகன் இன்னும் முகத்தையே காட்டவில்லை! ஓட்டுகிறவன் நல்லவனா கெட்டவனா, கல்யாணம் ஆனவனா ஆகாதவனா, ஒன்றும் தெரியாது. ஒரு இரும்பு யந்திரத்துக்குள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குச் சொன்னது பாட்டு.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை ரொம்ப அழகாக ஒரு கதை சொன்னார். இயக்குநர் டோனி ஸ்காட் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது கப்பல் திசை திரும்பி, வெளிச்சம் மாறிப்போனது. பழையபடி திருப்பு என்றால் 25,000 டாலர் செலவாகும் என்றார் கப்பல் தலைவர். இவர் அங்கேயே செக் எழுதிக் கொடுத்தார். விமானத்தின் மேல் அவ்வளவு காதல் என்றார் தங்கை. கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் தங்கச்சி, அவர் கேட்ட வெளிச்சம் எது? பின்னாலிருந்து வரும் சூரியன். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் விமானம் எப்படித் தெரியும்? கறுப்பு நிழலாக! உங்கள் எஃப்-14-இன் இறக்கையையும் நட்டையும் போல்ட்டையும் மறைக்கத்தான் மனிதர் 25,000 டாலர் கொடுத்திருக்கிறார். விளம்பரப் படங்கள் எடுத்துப் பழகிய கை அது. ஒரு பாட்டுக்கு எப்படிப் படம் எடுக்க வேண்டுமோ அப்படி எடுத்தார்.

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். "அத்தனையும் நிஜம்" என்றீர்களே, எதிரி ஓட்டி வருகிறானே மிக்-28, அதை எந்த நாட்டு ரன்வேயில் பார்த்தீர்கள்? அப்படி ஒரு விமானமே கிடையாது. அமெரிக்காவின் சொந்த எஃப்-5 விமானத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி வில்லனாக்கியிருக்கிறார்கள். சரி, விமானத்தின் உறுமலாவது நிஜமா? ஜெட் சத்தத்தை அப்படியே பதிவு செய்து போட்டால் சப்பென்று இருக்கிறது என்று ஒலித் தொகுப்பாளர் செசிலியா ஹால் அதில் எதைக் கலந்தார் தெரியுமா? சிங்கம், புலியின் கர்ஜனையை. குரங்கின் கிறீச்சிடலையும்! எதிரணி இத்தனை நேரம் மெய்சிலிர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது வண்டலூர் பூங்காவை!

அடுத்தது ஆஸ்கர். நான்கு பிரிவுகளில் இந்தப் படம் பரிந்துரையானது. எடிட்டிங், ஒலி, ஒலி விளைவு எடிட்டிங், பாட்டு. கையில் கிடைத்தது ஒன்றே ஒன்று. எதற்கு என்று எதிரணித் தலைவரே எழுந்து சொல்லட்டும். சொல்ல மாட்டார். 'டேக் மை பிரெத் அவே' பாட்டுக்கு, பெர்லின் என்ற குழு பாடியது. ஒளிப்பதிவு பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை.

இந்தப் பாட்டுக்காரர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. படம் அமெரிக்கக் கடற்படையின் பெருமை. இந்த இரண்டு பாட்டுக்கும் இசையமைத்தவர் ஜார்ஜியோ மொரோடர், இத்தாலிக்காரர், டிஸ்கோ போட்டு உலகத்தையே ஆடவிட்டவர். பின்னணி இசை ஃபால்டர்மேயர், ஜெர்மன்காரர். வரிகள் எழுதிய டாம் விட்லாக் மட்டும் அமெரிக்கர். அவர் மொரோடரிடம் எப்படி வந்து சேர்ந்தார் என்கிறீர்கள்? மொரோடரின் ஃபெராரி காரில் பிரேக் மக்கர் செய்தது, சரிசெய்து கொடுத்தார்! பிரேக்கைப் பழுதுபார்த்தவர் எழுதியதால்தானோ என்னவோ, 'டேஞ்சர் ஸோன்' பாட்டுக்குப் பிரேக்கே கிடையாது.

அந்தப் பாட்டைப் பாட முதலில் கேட்டது கென்னி லாகின்ஸை அல்ல. டோட்டோ குழுவிடம் போயிற்று, நடக்கவில்லை. பிரையன் ஆடம்ஸிடம் போயிற்று. அவர் மறுத்துவிட்டார். ஏன்? படம் போரைப் புகழ்கிறது, அதற்கு என் குரலைத் தர மாட்டேன் என்று. எதிரணி இதைத் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. நானே சொல்கிறேன். அவர் பயந்தது எதற்கு? விமானத்துக்கா? விமானம் அவர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பறக்கும், அது பென்டகனுடையது. தன் பாட்டு போய் உட்கார்ந்தால் சண்டை இனிப்பாகிவிடும் என்பதற்குப் பயந்தார். பாட்டின் பலம் தெரிந்தவன் பயம் அது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது என்பதையும் நான் மறைக்கவில்லை. இந்தப் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிற பதினெட்டு வயசுப் பையனிடம் ஒரு சேர்க்கைப் படிவத்தை நீட்டினால் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவான். போட வைப்பது கிதார்.

இது அமெரிக்கக்காரன் கண்டுபிடித்ததா? நம் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு மோசிகீரனார் வருகிறார். நடந்து வந்த களைப்பு. மெத்தென்று பூ விரித்த கட்டில் ஒன்று காலியாக இருக்க, படுத்துத் தூங்கிவிடுகிறார். அது முரசு கட்டில்! முரசை நீராட்டக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதில் படுத்தவனுக்கு வெட்டு. மன்னன் வெட்டவில்லை, புலவர் என்று தெரிந்து விசிறி எடுத்து வீசினான், அது புறநானூற்றில் இருக்கும் கதை. நான் கேட்பது வேறு. யானை இருந்தது, குதிரை இருந்தது, தேர் இருந்தது. அன்றைய எஃப்-14 அதுதானே? அதற்கெல்லாம் பூ விரித்த கட்டில் போட்டானா? முரசுக்குப் போட்டான்! பகைவனின் முரசைப் பிடுங்கிவிட்டால் அவன் தோற்றான் என்று அர்த்தம். பாட்டு வெறும் ஒப்பனை என்று எதிரணி சொல்லும்போது எனக்குச் சேரமான் ஞாபகம் வந்தான். நல்லவேளை, அவன் கையில் இருந்தது விசிறி.

ஒரு கேள்வி கேட்டார்கள், நியாயமான கேள்வி, தாண்டிப் போக மாட்டேன். அதே 1986-ல் 'அயர்ன் ஈகிள்' என்று இன்னொரு படம். அதிலும் போர் விமானம், அதிலும் ராக். பையன் கேசட் பிளேயரில் குவீன் குழுவின் பாட்டைப் போட்டுக்கொண்டே எஃப்-16 ஓட்டுகிறான். பாட்டுதான் காரணம் என்றால் அந்தப் படம் ஏன் இந்த அளவுக்கு நிற்கவில்லை? பதில் சொல்கிறேன். அது ஏற்கெனவே கடையில் விற்ற பாட்டு. கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போட்ட சங்கிலி. பளபளப்பு இருக்கும், கழுத்துக்குப் பொருந்தாது. 'டாப் கன்' பாட்டு அந்தக் கழுத்துக்கே அளவெடுத்துச் செய்தது. இந்தப் பதில் எதிரணிக்குப் போதாது என்று அவர்கள் முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை, கேட்கவாவது செய்தார்களே.

ஒரு இடத்தில் மட்டும் நான் வாதாட மாட்டேன். படப்பிடிப்பில் விமானத்திலிருந்து படம் பிடிக்கப்போன சாகச விமானி ஆர்ட் ஷோல், 1985 செப்டம்பரில் கலிபோர்னியாக் கடலில் விழுந்து இறந்தார். படமே அவருக்குத்தான் காணிக்கை. அதை எதிரணி சொன்னபோது அரங்கம் அமைதியானது. அந்த உயிரைத் தராசில் வைத்து எடைபோட எனக்கு மனசில்லை.

இனி என் சொந்தக் கதை. 88-ல் எங்கள் ஊரில் இந்தப் படம் வந்த மாதிரி நினைவில்லை. துபாயில் இருந்த பெரியப்பா மகன் லீவில் வந்தபோது ஒரு கேசட் கொண்டுவந்தான். அட்டையில் டாம் குரூஸ். வரிகள் ஒன்றும் புரியாது. 'டேஞ்சர் ஸோன்' என்பதை நாங்கள் கொஞ்ச காலம் 'தஞ்சாவூர் சோழன்' என்றுதான் பாடினோம், சத்தியமாக! ஏ பக்கத்தில் முதல் பாட்டு அது. ஆந்தம் எங்கே இருந்தது தெரியுமா? பி பக்கத்தின் கடைசி. ஸ்டீவ் ஸ்டீவன்ஸ் கிதார் அழுதுகொண்டே மேலே ஏறி முடியும். அதோடு பட்டென்று பொத்தான் குதிக்கும். டேப் ரெக்கார்டர் நாடாவைத் தின்றுவிடும், பென்சிலை விட்டுச் சுற்றி மறுபடி போடுவோம். மூன்று வருஷம் இப்படியே. அந்த மூன்று வருஷமும் என் மண்டைக்குள் ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. எப்படிப்பட்ட விமானம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எனக்கு எஃப்-14 தெரியாது, எங்கள் ஊருக்கு மேலே போனதெல்லாம் பருந்துதான்.

அப்புறம் வீடியோ கேசட்டில் படம் பார்த்தேன். படம் தொடங்கியதும் அந்த மணி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வருஷமாக என் கேசட்டை முடித்துவைத்த சங்கதி, படத்தைத் தொடங்கிவைக்கிறது! பக்கத்திலிருந்த பெரியப்பா மகன், "விமானத்தைப் பாருடா" என்கிறான். நான் எங்கே பார்த்தேன்? கண்ணை மூடிக்கொண்டேன்.

கடைசி ஆயுதத்தை எடுக்கிறேன் ஐயா, மணியில் கை வைக்காதீர்கள், இன்னும் ஒரு நிமிஷம். 2022. முப்பத்தாறு வருஷம் கழித்து இரண்டாம் பாகம். எஃப்-14? கடற்படை 2006-லேயே அதற்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. மிராமரில் இருந்த 'டாப் கன்' விமானிப் பயிற்சிப் பள்ளி? 1996-ல் நெவாடாவுக்குக் குடிபோய்விட்டது. டோனி ஸ்காட்? 2012-ல் மறைந்தார். புது இயக்குநர் ஜோசப் கோசின்ஸ்கி, புது விமானம் எஃப்-18. எல்லாம் மாறிவிட்டது. திரை இருள்கிறது, அதே மணி! அதே ஆந்தம், அதே விடியல், அதே கையாட்டல், விமானம் கிளம்பும்போது அதே கென்னி லாகின்ஸ். புதுசாக யாரையாவது பாடவைத்திருக்கலாம். லேடி காகாவே அந்தப் படத்துக்கு ஒரு பாட்டுக் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்த இடத்தில் கைவைக்க எவனுக்கும் தைரியம் வரவில்லை. கிளைமாக்ஸில் ஒரு பழைய எஃப்-14 வருகிறதே என்று எதிரணித் தலைவர் கையைத் தூக்குகிறார். வருகிறது ஐயா. எதிரி நாட்டுக் கொட்டகையில் கிடந்ததைத் திருடிக்கொண்டு வருகிறார்கள்! உங்கள் விமானத்தைத் தேடி எதிரி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, எங்கள் பாட்டு வாசலிலேயே நின்று வரவேற்றது.

அடடா, அடித்துவிட்டீர்கள் மணியை.

நடுவர் ஐயா, ஒரே ஒரு விஷயம், சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். நீங்கள் இப்போது அடித்தீர்களே, டங் என்று, அதைக் கேட்டதும் முன்வரிசையில் நாலு பேர் தங்களை அறியாமல் சிரித்தார்கள். உங்கள் இடது கை விரல் மேசையில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.