கரடிப் பாப்பி: ஒரே ஒரு மண்ணை நம்பி வாழும் வெள்ளைப் பூ

[காட்சி: வெளிறிய மண்மேடு. ஆங்காங்கே வெள்ளைப் பூக்கள்.]

வணக்கம். இது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், செயின்ட் ஜார்ஜ் நகரத்தை ஒட்டிய பாலை நிலம். இந்தச் செடி குட்டைக் கரடிப் பாப்பி. பாப்பி என்றால் நம் கசகசாச் செடியின் குடும்பம். தாவரவியல் பெயர் ஆர்க்டோமெகான் ஹ்யூமிலிஸ். உலகத்திலேயே இந்த ஊர் இருக்கும் வாஷிங்டன் கவுன்ட்டியில், அதாவது மாவட்டத்தில் மட்டும்தான் இது தானாக வளர்கிறது. 1979-லேயே அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்துவிட்டார்கள்.

[காட்சி: இலை, மிக அருகில்.]

இலையைப் பாருங்கள். ஆப்பு வடிவம், நுனியில் மூன்று பற்கள், மேலெல்லாம் நீளமான வெள்ளை ரோமம். கரடியின் பாதம் மாதிரி இருப்பதால் வந்த பெயர்தான் இது. செடி ஒரு சாண் உயரத்தைத் தாண்டுவதே அபூர்வம். மொட்டு தலைகுனிந்து தொங்கும். விரியும் நேரத்தில் காம்பு நிமிர்ந்துவிடும். பெரும்பாலும் நான்கு வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள் கொத்தாக. ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும்.

[காட்சி: மண்ணின் மேற்பரப்பு.]

இதன் தலையெழுத்தே மண்ணில்தான் இருக்கிறது. நம் விவசாயிகள் நிலக்கடலைக்குப் போடுகிற அதே ஜிப்சம் என்னும் கனிமம் இங்கே நிலம் முழுக்க நிறைந்திருக்கிறது. பல செடிகள் வேர்பிடிக்கத் திணறும் இடத்தில் இது மட்டும் நிற்கிறது. மேலே கறுப்பாகத் தெரிவது வெறும் அழுக்கு அல்ல. நீலப்பச்சை நுண்ணுயிர்களும் பாசியும், பூஞ்சையோடு பாசி இணைந்து வாழும் லைக்கனும் சேர்ந்து நெய்த உயிருள்ள மேலோடு. ஒரு மோட்டார் பைக் ஏறினால் போதும், அது மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். என்னைக் கேட்டால், பூவைப் பறிப்பதைவிட இந்த மேலோட்டை மிதிப்பதுதான் பெரிய கேடு.

செடியின் ஆயுள் சில வருடங்கள்தான். விதைகளோ மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கி, நல்ல மழை பெய்த வருடத்தில் கூட்டமாக முளைக்கும். ஆனால் விதை பிடிக்க வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும்.

[காட்சி: பூவுக்குள் ஒரு சிறு தேனீ.]

அதைக் கொண்டுவந்தது பெர்டிட்டா மெக்கோனிஸ் என்னும் தனித்து வாழும் குட்டித் தேனீ. 1993-ல்தான் அறிவியல் இதற்குப் பெயர் வைத்தது. பாப்பி வகைப் பூக்களின் மகரந்தத்தை நம்பியே வாழ்வது. யூட்டாவில் அது மறைந்துவிட்டதாக 2018-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆப்பிரிக்க இனம் கலந்த தேனீக்கள் அங்கே பரவியதோடு இதை இணைத்துப் பார்க்கிறார்கள். இப்போது பூவுக்கு வருவதில் பெரும்பங்கு அந்தப் புதிய தேனீக்கள்தான்.

நகரம் வேறு நெருங்கிக்கொண்டே வருகிறது. அதனால் ஒயிட் டோம் என்ற மேட்டைக் காப்பிடமாக்கி, நடைபாதை போட்டிருக்கிறார்கள். பூக்கும் காலத்தில் அங்கே போனால் பாதையில் நின்றபடியே பாருங்கள். போட்டோவுக்காகக்கூட ஒரு அடி இறங்க வேண்டாம்.